வேண்டாம் என்று சொல்லிவிட்ட தூதுவர்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பாலேஸ்வரியிடம் நகை அடகு வைக்க வந்தவர்கள் இதுவரை பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் போன கிழமை வந்தார். அவர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தது நகையல்ல, தண்ணீர் இறைக்கிற மெசின்.

“பிள்ளை, நீ மத்திய வங்கியிலை பெரிய ஆளாய் இருந்தனியாம். இதை வைச்சுக்கொண்டு ஒரு இருபதினாயிரம் தா. தோட்டக்காசு வந்த உடனை மீட்டிடுவன்.”

“அண்ணை, அந்த வங்கி அடகு பிடிக்கிறேல்லை.”

“அப்ப என்னதான் செய்யிறது அந்த வங்கி?”

அதற்குப் பாலேஸ்வரி ஒரு மணித்தியாலம் விளக்கம் சொன்னாள். கேட்டு முடித்த மனிதர் மெசினைத் திரும்பக் கட்டிக்கொண்டு, “சும்மா இருந்து சம்பளம் எடுத்திருக்கிறாய் எண்டு சொல்லன்” என்று போய்விட்டார்.

பதினொரு பேரில் இரண்டு பேரை நானாகக் கூட்டிச் சொல்கிறேன் என்பாள் அவள். இருக்கலாம். அவள் என் மாமா இராசநாயகத்தின் ஒரே மகள், எனக்கு மச்சாள். எனக்குக் கதை நீளும், அவளுக்கு எண் பிசகாது. ஆகையால் இதில் வரும் எண்களெல்லாம் அவளுடையவை. மற்றவற்றுக்கு நான் பொறுப்பு.

முப்பத்தாறு வருடம் மத்திய வங்கியில் பொருளியலாளராக இருந்து உதவி ஆளுநர்வரை போனாள். அறுபது வயதில் ஓய்வு பெற்ற கையோடு, வடக்கே ஒரு குளிர்நாட்டுக்கு இலங்கையின் தூதுவராகப் போனாள். அந்த நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல சனங்கள், அவர்களை ஏன் இழுப்பான்? அங்கேதான் 2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அவள் ஒரு பிழை விட்டாள். வாழ்நாளில் அவள் விட்ட பெரிய பிழை அதுதான். அது திருத்தப்படாமல் போயிருந்தால் எங்கள் ஒழுங்கையிலிருக்கும் ஒரு சின்னப் பெட்டைக்கு உயிர் பிடிக்கிற மருந்து இல்லாமல் போயிருக்கும். அந்தப் பெட்டையைப் போல நாடு முழுவதும் எத்தனையோ பிள்ளைகளுக்கும் அதே கதிதான்.

அந்தப் பிழையை விளங்கிக்கொள்ள முதலில் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது வயதில் அவள் செய்த வேலையைக் கேளுங்கள். மாமாவுக்கு வெங்காயத் தோட்டம். ஒருநாள் விடியப் பிடுங்கித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோக ஆயத்தமாக நின்றபோது இவள் வந்து குறுக்கே நின்றாள்.

“அப்பு, இண்டைக்குப் பிடுங்காதேங்கோ. ஐஞ்சு நாள் பொறுங்கோ.”

“ஏனடி?”

“திங்கள் துவக்கம் எங்கடை ஒழுங்கையாலை நூற்றிப் பதினாலு வண்டில் வெங்காயம் போட்டுது. போன வருசம் எல்லாமா நூற்றி முப்பதுதான் போனது. இன்னும் பதினாறு வண்டில்தான் மிச்சம். அதுவும் போகட்டும்.”

அவளின் தாய் பூரணம் மாமி அகப்பையை ஓங்கினாள். மாமா பொறுத்தார். ஆறாம் நாள் சந்தையில் வெங்காயம் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். விலை இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு மாமா மகளைக் கேட்காமல் வெங்காயம் பிடுங்கியதில்லை, மழைகூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பெய்தது என்று நான் சொல்வதுண்டு. “மழையை விடு மச்சாள், விலை ஒண்டே முக்கால் மடங்குதான்” என்று அவள் திருத்துவாள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தாள். படித்து முடித்த வருடம் கலியாணம் பேசி மானிப்பாயிலிருந்து ஒரு பகுதி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் சீதனத்தொகையைச் சொல்லி, “அவசரமில்லை, அரைவாசியை ஐஞ்சு வருசத்திலை தந்தாலும் போதும்” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றவள், “அப்பிடியெண்டால் மாமா, காசின்ரை பெறுமதி குறையிற வேகத்தைப் பாத்தால் நீங்கள் கேக்கிறதிலை மூண்டிலை ஒண்டை இப்பவே விட்டுத்தாறியள்” என்றாள். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் கலியாணம் பேசி யாரும் வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

மத்திய வங்கியில் சேர்ந்ததும் பொருட்களின் விலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் பகுதியில் அவளை இருத்தினார்கள். பணவீக்கம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதுதான். மற்றவர்கள் கடைக்காரர் நிரப்பி அனுப்பும் படிவங்களைக் கூட்டிக் கழித்து எண் சொல்வார்கள். இவள் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பார்த்துச் சொல்வாள். பார்சல் விலை மாறுவதில்லை. உள்ளே இருக்கும் மீன்துண்டு சிறுக்கும். இவள் மேசை லாச்சிக்குள் ஒரு அடிமட்டம் வைத்திருந்து, தினமும் மீன்துண்டை அளந்து ஒரு கொப்பியில் குறித்தாள். ஒரு முறை அந்தப் பகுதியின் தலைவர், படிவங்களின்படி விலைவாசி அப்படியே நிற்கிறது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வைக்கப் போனார். இவள் கொப்பியோடு போய் நின்றாள்.

“சேர், விலை நிக்கேல்லை. ஆறு மாதத்திலை அறக்குளாத் துண்டு அரை அங்குலம் சிறுத்துப்போச்சு.”

அவர் சிரித்தார். இரண்டு மாதம் கழித்துச் சரியான கணக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு மத்தியானம் பன்னிரண்டரைக்கு மத்திய வங்கியின் பெரிய தலைகள் எல்லாம் பாலேஸ்வரியின் மேசையைச் சுற்றி நின்று அவள் பார்சல் பிரிப்பதைப் பார்ப்பார்களாம். பெரிய தலைகள் எல்லாம் என்று சொன்னது நான். ஒருவர் வந்தார் என்பது அவள் கணக்கு.

1996ஆம் ஆண்டு தை மாதத்தின் கடைசி நாள், அந்தக் கட்டடத்து வாசலில் குண்டு வெடித்தபோது அவள் உள்ளேதான் இருந்தாள். எதையும் கூட்டிச் சொல்கிற நான் இதில் ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன். அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் திரும்பி வரவில்லை. பாலேஸ்வரி நெற்றியில் தையலோடு ஒன்பதாம் நாள் வேறொரு கட்டடத்தில், இரவல் மேசையில் இருந்து அந்த மாதத்து விலை அறிக்கையை எழுதி முடித்தாள். அவள் தமிழ்ப்பெண் என்பதால் அவளோடு பேச்சை நிறுத்தியவர்களும் அங்கே இருந்தார்கள். அதே காரணத்தால் அவளை வீடுவரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பகுதியையும் பற்றி அவள் கதைப்பதில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தி, வெளிநாடு போய்க் கலாநிதிப் பட்டம் எடுத்து வந்தவள், நாட்டின் டொலர்க் கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்த பத்துப் பேரில் ஒருத்தியாக இருந்தவள், எப்படிப் பிழை விட்டாள்? நல்ல வளர்ப்பினால்தான்.

2022 பங்குனியில் நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலே மின்வெட்டு. டொலர் இல்லாததால் மருந்துகளும் ஒவ்வொன்றாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஒழுங்கையில் உதயகலாவின் மகள் சாருஜாவுக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து நன்றாக இருந்த பிள்ளைக்கு ஏழு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வருகிறது போலல்ல இது. இன்சுலின் ஊசி நாளுக்கு நாலுதரம் போட்டால் பள்ளிக்கூடம் போவாள், கிளித்தட்டு விளையாடுவாள். போடாவிட்டால் சில நாட்களுக்குமேல் தாங்காது. கிளினிக்கில் இருந்த இன்சுலினைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி மின்சாரம் இல்லாமல் அலுமாரியாகிவிட்டதால், உதயகலா மருந்துப் போத்தல்களை ஈரமண் போட்ட சட்டிக்குள் வைத்துக் காத்தாள்.

நான் பாலேஸ்வரிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். சாருஜாவுக்கு இன்னும் இருபத்தெட்டு நாளைக்குத்தான் மருந்து, ஏதாவது செய்யேலுமோ என்று.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை அவளுக்கு அந்த நாட்டின் அமைச்சர் ஒருவரோடு சந்திப்பு. பிற நாடுகளுக்கு உதவி கொடுக்கும் பொறுப்பு அவருடையது. அந்த நாட்டில் இன்சுலின் செய்யும் தொழிற்சாலையும் உண்டு. பனைமரத்துக்குக் கொஞ்சம்தான் கட்டையான, கண்ணியமான மனிதர் அவர். கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு அவராகவே கேட்டார்: “உங்கள் நாட்டில் சர்க்கரை வியாதிப் பிள்ளைகளுக்கு இன்சுலின் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டோம். எங்களால் கொஞ்சம் அனுப்பலாம். உங்களுக்கு வேண்டுமா?”

பாலேஸ்வரி நெஞ்சு குளிர்ந்துபோய்ச் சிரித்துக்கொண்டு சொன்னாள்: “உங்களுக்கு ஏன் வீண் சிரமம்? வேண்டாம். நாங்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வோம்.”

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோப்பாயில் ஒரு வீட்டுக்குப் போனால் “சாப்பிடுங்கோ” என்பார்கள். பசியில் காது அடைத்தாலும் “வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டனான்” என்போம். வீட்டுக்காரர் இரண்டாம் தரம் கேட்பார். “உங்களுக்கேன் கரைச்சல்” என்போம். மூன்றாம் தரம் கேட்கும்போது சோற்றுக் கோப்பையே முன்னால் வந்திருக்கும். பிறகு வஞ்சகமில்லாமல் மூன்று தரம் போட்டுச் சாப்பிடுவோம். முதல் கேள்விக்கே ஓம் என்றால் வீட்டில் வளர்ப்புச் சரியில்லை என்று அர்த்தம். பூரணம் மாமியின் வளர்ப்பு மிகவும் சரி.

தூதரகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் மக்டலீன். குருநகர்க் கடற்கரையில் பிறந்து, இருபத்தைந்து வருடத்துக்கு முன் அந்த நாட்டுக்குப் போனவள். பாலேஸ்வரி முகமெல்லாம் பூவாகத் திரும்பி வந்ததைக் கண்டு, “என்னக்கா, தாறாராமோ?” என்று கேட்டாள்.

“தருவார். தானாக் கேட்டவர். நல்ல மனிசன்.”

“நீங்கள் என்ன சொன்னனியள்?”

“வேண்டாமெண்டன்.”

மக்டலீன் கையில் இருந்த கோப்பை மேசையில் வைத்தாள்.

“அக்கா, உவர் எத்தினைதரம் கேட்டவர்?”

“ஒருக்கா. இனி ரெலிபோன் எடுப்பார்தானே.”

“என்ரை மாதாவே! அக்கா, இந்த நாட்டிலை ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாமெண்டால் வேண்டாம்தான். நான் வந்த முதல் மாரியிலை பக்கத்து வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டவ. மேசைக்கு முன்னாலை இருத்திப்போட்டு வேணுமோ எண்டு கேட்டா. நான் மரியாதைக்கு வேண்டாமெண்டன். அவ பாட்டுக்கு என்ரை முகத்துக்கு முன்னாலை இருந்து முழுக் கோழியையும் சாப்பிட்டு முடிச்சா. நான் வீட்டை வந்து அழுதுகொண்டு பாண் திண்டனான்.”

“அது பக்கத்து வீட்டுக்காரி, மக்டலீன். இவர் படிச்ச மனிசன்.”

“படிச்சவை இன்னும் மோசம். எழுதியும் வைச்சிடுவினம்.”

பாலேஸ்வரி நம்பவில்லை. அமைச்சர் திரும்பக் கேட்பார் என்று காத்திருந்தாள். காத்திருந்த நாட்களைச் சும்மா விடவில்லை. மூன்றாம் தரம் கேட்கும்போது எவ்வளவு வேண்டும் என்று சொல்லக் கணக்கு வேண்டுமே. பருத்தித்துறையிலிருந்து மாத்தறைவரை ஒவ்வொரு வைத்தியசாலைக் கிளினிக்காகத் தொலைபேசி எடுத்து, எத்தனை பிள்ளைகள், எந்த வயது, எவ்வளவு மருந்து என்று கொப்பியில் எழுதினாள். சிங்களத்தில் கேட்க வேண்டியவர்களிடம் சிங்களத்தில் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை தொலைபேசி வரவில்லை, கடிதம் வந்தது. இலங்கை தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் நிலையில் இருப்பதாகத் தூதுவர் அறிவித்ததையிட்டு அமைச்சர் மிகவும் மகிழ்ச்சியடைகிறார். ஒதுக்கி வைத்திருந்த தொகை தேவையுள்ள வேறொரு நாட்டுக்குத் திருப்பப்படுகிறது. வாழ்த்துகள்.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் முதலில் நாளைத்தான் எண்ணினாள். சாருஜாவுக்கு இன்னும் இருபத்தொரு நாள். உடனே அமைச்சரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். நாலு கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை இருக்கிறது என்று பதில் வந்தது.

“நாலு கிழமை எண்டால் இருபத்தெட்டு நாள்” என்றாள் பாலேஸ்வரி. “ஏழு நாள் துண்டு விழுது.” ஒன்றும் விளங்காத குழந்தை சொல்வதுபோல அதையே இரண்டு தரம் சொன்னாளாம்.

மக்டலீன் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“அக்கா, உவர் காலைமை ஏழு இருபதுக்கு எங்கடை வீட்டுக்கு முன்னாலைதான் போறவர்.”

“காரிலையோ?”

“சைக்கிளிலை. இந்த ஊர் அமைச்சர்மார் உப்பிடித்தான்.”

“உன்னட்டைச் சைக்கிள் இருக்கோ?”

“இருக்கு. ஆனால் அக்கா, உங்களுக்கு அறுபத்தொரு வயசு.”

“கோப்பாயிலை பிறந்தவளுக்குச் சைக்கிள் பழக்கப் பாக்கிறியோ?”

அடுத்த நாள் காலை கொட்டும் பனி. பனியல்ல, தூறல் என்பாள் அவள். பங்குனியில் அந்த நாட்டில் பனி பெய்யாமல் என்ன மாம்பூவா பெய்யும்? பெய்தது. இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் மேன்மைதங்கிய தூதுவர், காஞ்சிபுரம் சேலைக்கு மேலே மக்டலீனுடைய புருசனின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, முன்னால் மீன் வாங்கும் கூடை பூட்டிய சைக்கிளில் வீட்டு வாசலில் ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அமைச்சர் கடந்து போனார். இவள் மிதித்தாள். நெட்டை மனிதர், நீண்ட கால்கள். இவள் மணி அடித்துக்கொண்டே இரண்டு சந்திகளைக் கடந்து, மூன்றாவது சந்தியில் சிவப்பு விளக்கில் அவரைப் பிடித்தாள்.

“அமைச்சரே, போன செவ்வாய்க்கிழமை நான் வேண்டாம் என்று சொன்னேன். வேண்டும்.”

அவர் ஆளை அடையாளம் காணவே கொஞ்ச நேரம் எடுத்தது. “தூதுவரா? எது வேண்டும்?”

“இன்சுலின்.”

“சமாளித்துக்கொள்வோம் என்றீர்களே?”

“எங்கள் ஊரில் முதல் தரம் கேட்டால் அப்படித்தான் சொல்வோம். மூன்றாம் தரம்தான் ஓம் என்போம். நீங்கள் மூன்று தரம் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.”

விளக்குப் பச்சையானது. பின்னால் நின்ற சைக்கிள்காரர்கள் மணி அடித்தார்கள். அமைச்சர் அசையவில்லை.

“அப்படியானால் உண்மையாகவே வேண்டாதவர் என்ன சொல்வார்?”

“அவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.”

“எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

“பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. சாப்பாட்டைப் போட்டுவிடுவோம்.”

அவர் சிரித்தார். ஆனால் சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. “அம்மா, அந்த மருந்தை வேறு நாட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தாயிற்று. புதிதாகக் கேட்டால் எங்கள் நிதியமைச்சு ஒரு கேள்வி கேட்கும். இதற்கு உங்கள் அரசாங்கம் ஆறு மாதத்திலாவது காசு கட்டுமா? நீங்கள் மத்திய வங்கியில் இருந்தவர். நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.”

இந்த இடத்தில்தான் எனக்கு இப்போதும் மயிர் கூச்செறிகிறது. மத்திய வங்கிக்காரர் வாயிலிருந்து சில சொற்கள் வெளியே வரவே கூடாது. காசு இல்லை என்பது அவற்றில் முதலாவது. முப்பத்தாறு வருடம் அவள் அந்த வாயைக் கட்டி வைத்திருந்தாள். சொந்தத் தாய் கேட்டும் சொன்னதில்லை. அதோடு, கொழும்பு அப்போது உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு, எந்தக் கடனையும் தவறாமல் கட்டுவோம் என்பதுதான். தூதுவர் என்றால் அந்தப் பேச்சைத்தான் சொல்ல வேண்டும். கட்டுவோம் என்று ஒரு சொல் சொன்னால் மருந்து வரும்.

“கட்ட மாட்டோம்” என்றாள் பாலேஸ்வரி. “ஆறு மாதத்திலும் முடியாது, ஒரு வருடத்திலும் முடியாது. எங்களிடம் இல்லை. நான் கடன் கேட்கவில்லை. தானம் கேட்கிறேன்.”

எங்கள் பரம்பரையில் அப்படி வாய் திறந்து கேட்ட முதல் ஆள் அவள்தான். மாமா பட்டினி கிடந்த காலத்திலும் பக்கத்து வளவில் ஒரு தேங்காய் கேட்டதில்லை.

அமைச்சர் சைக்கிளை நடைபாதைக்கு ஏற்றி நிறுத்தினார்.

“எவ்வளவு வேண்டும்?”

“பத்தொன்பதாயிரத்து நூற்று இருபத்தெட்டுப் போத்தல்.”

“இருபதினாயிரம் என்று வைத்துக்கொள்வோமா?”

“இல்லை. பிள்ளைகள் மூவாயிரத்து நூற்று எண்பத்தெட்டுப் பேர். ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டு போத்தல். மூன்று மாதம். அதற்குள் வேறு வழி பார்ப்போம். மிச்சத்தை அந்த மற்ற நாட்டுக்குக் கொடுங்கள், அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்கள்.” மீன்கூடைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து நீட்டினாள். பருத்தித்துறை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி, காலி, ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு வரி.

அந்த மனிதர் பதினாறு வருடமாக உலகத்துக்கு உதவி கொடுத்து வந்தவர். ஒரு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் என்றுதான் எல்லோரும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு என்று முடிகிற எண்ணை அவரிடம் யாரும் கேட்டதில்லையாம். கொப்பியை நின்றபடியே ஐந்து பக்கம் வாசித்தார். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “இதை எனக்குத் தர முடியுமா? என் ஆட்களுக்குக் காட்ட வேண்டும்” என்றார். மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது.

அவள் நடந்ததை நடந்தபடி கொழும்புக்கு எழுதினாள். முதலில் வேண்டாம் என்று சொன்னதையும் எழுதினாள், தெருவில் மறித்ததையும் எழுதினாள், காசில்லை என்று சொன்னதையும் எழுதினாள். மக்டலீன் தட்டச்சு செய்யும்போது தலையில் கையை வைத்தாள்.

“அக்கா, கடைசி வரியை விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்.”

நாட்டின் நிலைப்பாட்டுக்கு மாறாகப் பிற நாட்டு அமைச்சரிடம், அதுவும் சைக்கிளில் இருந்தபடி, கருத்துச் சொன்னதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டுதான் பதில் எழுதினாள். “நான் சொன்னது கருத்தல்ல, கையிருப்பு.” அவ்வளவுதான் பதில். சித்திரைப் புதுவருடம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, கடன் கட்ட முடியாது என்று நாடே உலகத்துக்குச் சொல்லிவிட்டது. பிறகு அவளிடம் யார் விளக்கம் கேட்பது? பெட்டியை அவிழ்த்துச் சேலைகளைத் திரும்ப அடுக்கிவைத்தாள்.

மருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அன்று நான் உதயகலாவோடு கிளினிக்குக்குப் போயிருந்தேன். ஐஸ்பெட்டிக்குள்ளிருந்து எடுத்த போத்தலைக் கையில் வாங்கிய உதயகலா, அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். சாருஜா தாயின் சீலையைப் பிடித்து இழுத்து, “அம்மா, எல்லாரும் பாக்கினம்” என்றாள். பாலேஸ்வரிக்கு உடனே தொலைபேசி எடுத்தேன்.

“மச்சாள், வந்திட்டுது! உன்ரை புண்ணியம்!”

“அதை விடு. பிள்ளைக்கு எத்தினை நாள் மிச்சம் இருந்தது?”

“நாலு.”

அந்தப் பக்கம் கலண்டர் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஆறெல்லோ இருக்கவேணும்” என்றாள் மெதுவாக.

“மின்வெட்டாலை சட்டிக்கை வைச்சதெல்லோ, வெக்கைக்குச் சூடேறி, முடியிற தறுவாயிலை இருந்த போத்தலொண்டு கலங்கிப்போச்சுது. டொக்டர் எறியச் சொன்னவர். அதுதான் ரெண்டு நாள் குறைஞ்சது.”

“அப்ப இது மற்றப் பிள்ளையளுக்கும் நடக்கும். மின்வெட்டு நிக்கேல்லைத்தானே?”

“இன்னும் கூடியிருக்கு.”

“நான் பழுதாகிறதைக் கணக்கிலை பிடிக்கேல்லை, மச்சாள். மூண்டு மாதத்துக்குக் காணாது.” எனக்கு அழுகைதான் வந்தது, மருந்து வந்த நாளில் கொண்டாடாமல் இப்படியும் ஒருத்தி இருப்பாளோ என்று. அவள் அதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மறுபடி எல்லாக் கிளினிக்குகளுக்கும் எடுத்தாள். எத்தனை மணித்தியாலம் மின்வெட்டு, எத்தனை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி, எத்தனை போத்தல் எறிந்தார்கள் என்று புதுக் கொப்பியில் எழுதினாள். நாலு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் காலை ஏழு இருபதுக்கு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அமைச்சருக்குப் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. இந்த முறை அவர் முதல் சந்தியிலேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“எத்தனை?” என்றார், திரும்பிப் பாராமலே.

“ஆயிரத்து அறுநூற்று நாலு” என்றாள் பாலேஸ்வரி.